பளபளவென்று திரும்பி வந்த காயில்

குழாய் நசுங்காமல் வளைப்பது எப்படி என்று உங்களுக்குச் சொல்லித்தர இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். போனைத் திறந்தால் வீடியோவே வந்து நிற்கிறது. உள்ளே மணல் நிரப்புவது, தீயில் காட்டி இளக்குவது, உருளையில் இழுத்துச் சுற்றுவது எல்லாம் கை பழகினால் வந்துவிடும். நம் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கிற நீங்கள், கோயம்புத்தூரிலும் சென்னையிலும் வீட்டோடு பட்டறை போட்டிருக்கிறவர்கள், என்னை விட நேர்த்தியாகவே சுற்றுகிறீர்கள். அனுப்பும் படங்களைப் பார்க்கிறேன். அதனால் வளைப்பதைப் பற்றி எழுதப்போவதில்லை. வளைத்துக் கொடுத்த காயில், அதாவது சுருள் குழாய், நம் வாசலைத் தாண்டிப் போன பிறகு நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காக: எங்கள் குடும்பம் திருநெல்வேலிப் பக்கம். அப்பா துறைமுக வேலைக்காகக் கல்கத்தா வந்தார். நான் இங்கேயே டிப்ளமோ முடித்து, ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் பணிமனையில் சேர்ந்து, அங்கேயே ஓய்வும் பெற்றேன். அதற்கப்புறம் சால்ட் லேக்கில் எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில், கார் நிற்க வேண்டிய இடத்தில் பட்டறை போட்டேன். கார் தெருவில் வெயிலில் நின்றது. பாங்கில் இருந்து ரிட்டயர் ஆன என் வீட்டுக்காரர் அதற்காக ரொம்ப நாள் முறைத்துக்கொண்டிருந்தார். கல்லூரி ஆய்வகங்கள், பால் குளிர வைப்பவர்கள், ஹோமியோபதி மருந்து காய்ச்சுபவர்கள் என்று சின்னச் சின்ன ஆட்கள்தான் என் வாடிக்கை. தோள்பட்டை ஒத்துழைக்காததால் இப்போது பட்டறை இல்லை. கார் உள்ளே வந்துவிட்டது.

அன்று தீபாவளி. நமக்குக் காலையில் எண்ணெய்க் குளியல், இங்கே இருப்பவர்களுக்குச் சாயங்காலம் காளி பூஜை. நான் தலை துவட்டிக்கொண்டிருக்கும்போது ஷிப்ரா டாக்ஸியில் வந்து இறங்கினாள். ஜாதவ்பூரில் ஒரு சின்னத் தெருவில் மிட்டாய்க் கடை வைத்திருக்கும் பிமல்தாவின் தங்கை. அண்ணன் பின்கட்டில் அடுப்பைப் பார்ப்பார், இவள் முன்னால் கல்லாவைப் பார்ப்பாள். ஒரு கையில் சாக்கில் சுற்றிய காயில், இன்னொரு கையில் சந்தேஷ் பெட்டி. தீபாவளிக்கு எங்களுக்கு இனிப்பு கொண்டுவரும் பழக்கம் அவர்களுக்கு உண்டு. இங்கே அக்காவைத் தீதி என்பார்கள், அண்ணனைத் தாதா என்பார்கள்.

"ஒழுகுது தீதி. சாயங்காலத்துக்குள்ள பத்த வச்சுக் குடுத்தாப் போதும்னு தாதா சொன்னார்."

அவசரம் எனக்குப் புரிந்தது. காளி பூஜை முடிந்த கையோடு பாய் ஃபோட்டா வருகிறது. தங்கைகளும் அக்காக்களும் கூடப்பிறந்தவன் நெற்றியில் பொட்டு வைத்து இனிப்பு ஊட்டும் நாள். சின்ன மிட்டாய்க் கடைகளுக்கு அதை விடப் பெரிய வியாபாரம் கிடையாது.

அந்தக் காயிலை நான்தான் செய்து கொடுத்திருந்தேன். கடையில் தண்ணீர்த் தொட்டியைக் குளிர வைக்க என்று கேட்டார்கள், மென்மையான செம்புக் குழாயில் சுற்றிக் கொடுத்தேன். குளிர்ந்த தண்ணீர் குழாய்க்குள்ளே ஓடும், தொட்டித் தண்ணீர் வெளியே இருக்கும். செம்புக்கு அதை விட நிம்மதியான வேலை இல்லை.

சாக்கைப் பிரித்தேன். புளி போட்டுத் தேய்த்த செப்புக் குடம் மாதிரி பளபளவென்று இருந்தது. அழகாக இருந்தது என்று கூடச் சொல்லலாம். ஆனால் அது இருக்க வேண்டிய நிறம் அது இல்லை. தண்ணீரில் கிடந்த செம்பு கறுத்துத் தவிட்டு நிறமாகி, மேலே சுண்ணாம்பு படிந்துதான் வரும்.

"எதை வச்சுத் தேய்ச்சீங்க?"

"தேய்க்கவே இல்ல தீதி. வெளிய எடுக்கும்போதே இப்படித்தான் இருந்துச்சு. எவ்வளவு சுத்தமா வச்சிருக்கோம் பாருங்க."

ஆராய்ச்சி நிலையத்தில் எனக்கு மேலே இருந்த ஃபோர்மேன், பழுதுக்கு எது வந்தாலும் முதலில் மூக்கருகே கொண்டுபோவார். நாங்கள் அவர் முதுகுக்குப் பின்னால் சிரிப்போம். அன்றைக்கு நானும் குனிந்து மோந்து பார்த்தேன். புளித்த பால்.

"இது எதுல கிடந்துச்சு, ஷிப்ரா?"

"சானாத் தண்ணியில," என்றாள், இதில் கேட்க என்ன இருக்கிறது என்பது போல.

பாலைத் திரித்து எடுப்பதை இங்கே சானா என்பார்கள். சந்தேஷும் ரசகுல்லாவும் அதில்தான். பாலைத் திரிப்பதற்கு முந்தின நாள் சானாவில் வடிந்த தண்ணீரையே எடுத்து வைத்துப் புளிக்க விட்டு ஊற்றுவார்கள். அப்படிச் செய்தால்தான் சானா மிருதுவாக வரும். அந்த வருஷக் கோடையில் அந்தத் தண்ணீர் மதியத்துக்குள்ளேயே அளவு மீறிப் புளித்துப்போயிருக்கிறது. பிமல்தா யோசித்து, தண்ணீர்த் தொட்டியில் இருந்த காயிலை எடுத்துச் சானாத் தண்ணீர் டிரம்மில் இறக்கிவிட்டார். நன்றாக வேலை செய்தது. யாரும் குறை சொல்ல முடியாத யோசனை, குழாய் மட்டும் செம்பாக இல்லாமல் இருந்திருந்தால்.

புளிப்பு செம்பைத் தின்னும். வீட்டில் ஈயம் பூசாத பித்தளையில் ரசம் வைக்கக் கூடாது என்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். டிரம்மில் கரைந்த செம்பு அடுத்த நாள் பாலில் விழுந்து, சானாவில் சேர்ந்து, சந்தேஷாகிப் பெட்டியில் ஏறுகிறது. சானாத் தண்ணீருக்கு இயல்பிலேயே இலேசான பச்சை நிறம் உண்டு. பார்த்தால் ஒன்றும் தெரியாது.

மாடிப்படியில் என் வீட்டுக்காரர் ஒரு சந்தேஷை வாயருகே கொண்டுபோய்க்கொண்டிருந்தார்.

"அதை வச்சிருங்க," என்றேன்.

"ஏன், சுகரா? இன்னைக்கு ஒண்ணு தின்னுக்கிடலாம்னு நீதான சொன்ன."

"அதுக்கில்ல. வச்சிருங்க, பெறகு சொல்லுதேன்."

ஷிப்ராவிடம் உடனே ஒன்றும் சொல்லவில்லை. மோந்து பார்த்ததை வைத்து ஒரு கடையை மூடச் சொல்ல முடியாது. பற்றவைத்த இணைப்பில்தான் ஒழுகுகிறது என்று அவள் நினைத்திருந்தாள், அப்படி இல்லை. டிரம்மில் தண்ணீர் மட்டம் நின்ற இடத்தில் குழாய் ஓட்டையாகியிருந்தது. அங்கே ஒரு துண்டு அறுத்தேன். டிரம்முக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த முனையில் இன்னொரு துண்டு அறுத்தேன். இரண்டையும் அவள் உள்ளங்கையில் வைத்து, விரலால் அழுத்திப் பார்க்கச் சொன்னேன். வெளியே இருந்த துண்டு அசையவில்லை. மற்றது காகிதக் குழல் மாதிரி அமுங்கியது.

"ரெண்டும் வேற வேற குழாயா தீதி?"

"ஒரே குழாய்தான்."

அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப இதுல இருந்த செம்பு எங்க போச்சு?" என்று கேட்டாள்.

கேட்டு முடித்ததும் அவளே மேஜை மேல் இருந்த சந்தேஷ் பெட்டியைப் பார்த்தாள். தினமும் காலையில் முதல் சானாவைக் கிள்ளி வாயில் போட்டுப் பதம் பார்ப்பது தான்தான் என்றாள். மழைக்காலத்தில் இருந்தே காலையில் குமட்டுகிறது, டாக்டர் வாயு என்று மாத்திரை கொடுத்திருக்கிறார் என்றாள். அதற்குக் காரணம் இதுதானா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நாளைக்கே போய் டாக்டரிடம் செம்பைப் பற்றிச் சொல்லும்மா என்று மட்டும் சொன்னேன்.

அதற்குள் பிமல்தா போன் செய்தார். காயில் எப்போது தயாராகும் என்று கேட்டார். நானே வருகிறேன் என்றேன். அவருக்கு அதுவே வினோதமாக இருந்திருக்கும்.

டாக்ஸியில் ஷிப்ரா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "ஆளுங்க முன்னால சொல்லாதீங்க தீதி. தாதாவால தாங்க முடியாது." சரி என்றேன். தெருவெல்லாம் பந்தல், வண்டி ஊர்ந்துதான் போனது. எனக்கு அந்தத் தாமதம் உதவியது. என்ன சொல்வது, எதை முதலில் சொல்வது என்று அடுக்கிப் பார்த்துக்கொண்டேன்.

பின்கட்டில் பெரிய கடாயில் பால் பொங்கி வந்துகொண்டிருந்தது. இன்னும் சற்று நேரத்தில் டிரம்மிலிருந்து தண்ணீர் மொண்டு ஊற்றிவிடுவார்கள். அடுக்கியிருந்ததில் முதலில் இருந்ததெல்லாம் மறந்துபோய், "பிமல்தா, ஊத்த வேண்டாம்னு சொல்லுங்க. ஒரு நிமிஷம் இப்படி வாங்க," என்றேன்.

அவரைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய்க் குழாய்த் துண்டுகளைக் காட்டிச் சொன்னேன். பிமல்தா சத்தம் போடுகிற மனிதர் இல்லை. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்க தாத்தா காலத்துல முழுக்கச் செம்புப் பாத்திரம்தான் தீதி. யாருக்கும் ஒண்ணும் ஆகல," என்றார்.

"உள்ள ஈயம் பூசியிருப்பாங்க. பூச்சு போனா மறுபடி பூசாம அடுப்புல ஏத்த மாட்டாங்க. யோசிச்சுப் பாருங்க."

அவர் யோசித்தார். பிறகு சொன்னது என்னைக் குத்தியது.

"செம்புல செஞ்சு குடுத்தது நீங்கதானே."

நீங்கள் எல்லோரும் ஒருநாள் இந்த இடத்தில் நிற்பீர்கள், அதனால் சொல்கிறேன். 'தண்ணீர்த் தொட்டிக்கு என்றுதானே நீங்கள் கேட்டீர்கள்' என்ற பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. உண்மையும் அதுதான். ஆனால் அதைச் சொன்னால் அவர் இன்னொன்று சொல்வார், நான் இன்னொன்று சொல்வேன். அங்கே அடுப்பில் பால் இருக்கிறது. கையில் இருந்த கொஞ்ச நேரத்தை யார் மேல் தப்பு என்பதில் செலவழிக்க முடியாது. அடுப்பு அணைந்த பிறகு அதைப் பேசிக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டேன். நான் அன்றைக்குச் செய்ததில் கஷ்டமானது அதுதான்.

"நான் சொல்றத நம்ப வேண்டாம். உங்க நாக்கை நம்புங்க," என்றேன். "டிரம்முல இருந்து ஒரு சொட்டு நாக்குல வச்சுப் பாருங்க. விழுங்காதீங்க. அப்புறம் ஒரு டம்ளர் பாலை எலுமிச்சம்பழம் பிழிஞ்சு திரிச்சு, அந்தத் தண்ணியப் பாருங்க."

அவர் பார்த்தார். முதல் சொட்டைத் துப்பினார், வாயைக் கொப்பளித்தார், இரண்டாவதைப் பார்த்தார், மறுபடி முதலாவதற்குப் போனார். அவர் வாழ்நாள் முழுக்க நாக்கால் பிழைத்த மனிதர். முகம் மெல்ல மாறியது.

"இந்த ருசி பால்ல இருந்து வருதுன்னு நெனச்சு ஜூன் மாசம் பால்காரரை மாத்தினேன்," என்றார். "அந்த ஆள் எவ்வளவோ சத்தியம் பண்ணினார். நான் கேக்கல."

அதற்குப் பிறகு அவர் என்னிடம் வாதாடவில்லை. வெளியே போய் அடுப்பை அணைக்கச் சொன்னார். டிரம்மைச் சாய்த்து ஊற்றச் சொன்னார். ஆட்கள் ஏன் என்று கேட்கவில்லை, முகத்தைப் பார்த்தே செய்தார்கள்.

அடுத்த பிரச்சினை, பாலைத் திரிக்கப் புளித்த தண்ணீர் வேண்டும். எலுமிச்சையில் திரித்தால் சந்தேஷ் சொரசொரப்பாக வரும் என்று இனிப்புப் பிடிப்பதில் மூத்த ஆள் ஒருவர் தலையாட்டினார். சாலைக்கு எதிர்ப்பக்கம் சுகுமார் என்பவரின் மிட்டாய்க் கடை இருந்தது. அவருக்கும் பிமல்தாவுக்கும் வருஷக்கணக்காகப் பேச்சு இல்லை. நடைபாதையில் யார் வண்டி நிற்பது என்று ஆரம்பித்த சண்டையாம். "நான் போய்க் கேக்கறேன்," என்றாள் ஷிப்ரா. பிமல்தா தடுக்கவில்லை.

போனவள் திரும்பும்போது சுகுமாரும் கூடவே வந்தார். கையில் தண்ணீர் கேன் இல்லை. பின்கட்டுக்குள் நேராக வந்து, கவிழ்த்து வைத்திருந்த டிரம்மைப் பார்த்தார், என் கையில் இருந்த துண்டுகளைப் பார்த்தார்.

"உங்க டிரம்முல காயில் போட்டிருக்கறத எங்க ஆள் ஒருத்தன் பாத்துட்டு வந்து சொன்னான்," என்றார், பிமல்தாவைப் பார்க்காமல். "பூஜைக்கு முன்னால நானும் ஒண்ணு வாங்கிப் போட்டேன். ஏசி ரிப்பேர் பண்ற கடையில. அதுவும் செம்புதான்."

தெருவில் எங்கோ டாக் மேளம் அடித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். பிமல்தா ஒரு ஸ்டூலை இழுத்து அவர் பக்கம் தள்ளினார். சுகுமார் உட்கார்ந்தார். எவ்வளவு காலத்துக்கு அப்புறம் அந்த இரண்டு பேரும் ஒரே அறையில் இருந்தார்களோ, எனக்குத் தெரியாது.

பாலிகஞ்ச்சில் காயில் எதுவும் போடாத பழைய கடை ஒன்று சுகுமாருக்குத் தெரியும். அவருடைய வேனில் இரண்டு பேருமாகக் கேன்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். போகும்போது பேசிக்கொண்டார்களா என்று ஷிப்ரா பின்னால் கேட்டபோது, 'வழி சொன்னேன்' என்றாராம் பிமல்தா.

அவர்கள் வருவதற்குள் நானும் ஷிப்ராவும் தட்டுகளைப் பிரித்தோம். சானா சேர்ந்தது ஒரு பக்கம், தேங்காயும் கடலை மாவும் கோவாவும் மட்டும் ஒரு பக்கம். முதல் பக்கம் சுவர் வரைக்கும் நீண்டது. ஒவ்வொரு தட்டாகக் குப்பைப் பைக்குள் கவிழ்க்கும்போது அவள் அழவில்லை, ஆனால் எந்தத் தட்டையும் ஆட்களைத் தொட விடவில்லை. எல்லாவற்றையும் தானே கவிழ்த்தாள்.

பிமல்தா திரும்பி வந்தபோது ஷிப்ரா முன்னால் பலகையில் சாக்கட்டியால் எழுதிக்கொண்டிருந்தாள். இன்று காலை வாங்கிய சானா இனிப்புகளைச் சாப்பிட வேண்டாம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று.

"பால் சரியில்லைன்னு எழுது," என்றார் பிமல்தா.

"பால் சரியாத்தான இருந்துச்சு," என்றாள் அவள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் அவர் பக்கம் பேசுவேன் என்று நினைத்திருக்க வேண்டும். பழக்கம் அப்படி. எங்கள் வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் தினமும் சாப்பாடு அனுப்பிய மனிதர் அவர்.

"என்ன எழுதறதுன்னு நான் சொல்ல மாட்டேன் பிமல்தா. அது உங்க கடை. ஆனா என்கிட்ட வந்து யாராவது கேட்டா, நடந்ததத்தான் சொல்லுவேன். காயில் நான் செஞ்சதுங்கறதையும் சேத்துச் சொல்லுவேன்."

"நீங்களா தீதி இப்படிச் சொல்றீங்க," என்றார். அவ்வளவுதான். பலகையில் என்ன இருக்க வேண்டும் என்பதைத் தங்கையிடம் விட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். ஷிப்ரா தான் எழுதியதன் கீழே, புளித்த தண்ணீர் செம்பில் பட்டுவிட்டது என்று ஒரு வரி சேர்த்தாள்.

பாய் ஃபோட்டா அன்று இரண்டு கடைகளிலும் பாதித் தட்டுகள்தான் இருந்தன, அதுவும் மதியத்துக்குள் தீர்ந்துவிட்டது. பெட்டியைத் திருப்பிக் கொடுத்தவர்களில் சிலர் கோபப்பட்டார்கள், பெரும்பாலானவர்கள் மாற்றாகத் தேங்காய் உருண்டை வாங்கிக்கொண்டு போனார்கள். குளிர்காலத்தில் ஷிப்ரா வந்து, குமட்டல் நின்றுவிட்டது என்றாள். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துப் பயப்பட ஒன்றும் இல்லை என்றாராம். பழைய பால்காரர் திரும்ப வந்துவிட்டாரா என்று கேட்டேன். அண்ணன் நேரில் போய்க் கூப்பிட்டார், அவர் வரவில்லை என்றாள்.

அந்த வாரம் முழுக்க நான் காயில் செய்து கொடுத்த ஒவ்வொருவருக்கும் போன் செய்து, இப்போது அது எதில் கிடக்கிறது என்று கேட்டேன். என் வீட்டுக்காரர் பழைய பாங்க் வழக்கப்படி பக்கத்தில் உட்கார்ந்து, விட்டுப்போன பெயர்களை நினைவுபடுத்தினார். சொன்ன இடத்திலேயே பெரும்பாலும் இருந்தது. ஒருவர் மட்டும் வினிகர் காய்ச்சும் மச்சானுக்குக் கொடுத்திருந்தார். அதை வாங்கி வந்துவிட்டேன். அதற்குப் பின்னால், என்ன வேலைக்கு என்று கேட்பதோடு, வேறு எதற்கெல்லாம் ஆசைப்படுவீர்கள் என்றும் கேட்டுவிட்டுத்தான் குழாயைத் தொடுவேன். மனிதர்கள் பொருளை ஓரிடத்தில் வைத்திருக்க மாட்டார்கள். நன்றாக வேலை செய்யும் பொருளை நிச்சயமாக வைத்திருக்க மாட்டார்கள்.

சுகுமார் என்னிடமே ஸ்டீல் காயில் செய்துகொண்டார். ஸ்டீல் செம்பைப் போலக் கேட்ட இடத்தில் நிற்காது, விட்டதும் விரிந்துகொள்ளும். இரண்டு முறை வீணாக்கி மூன்றாவதில் வந்தது. பிமல்தாவுக்கும் ஒன்று வேண்டியிருக்கும், வருவார் என்று அதே குழாயில் ஒரு நீளம் எடுத்து ஓரமாக வைத்திருந்தேன். அவர் வரவில்லை. இங்கே தை, மாசியில் வரும் சரஸ்வதி பூஜையும் போனது. அந்தக் குழாயை வேறு யாருக்கோ வளைத்துக் கொடுத்தேன்.

வெயில் ஏறத் தொடங்கிய சமயம் ஹவுராவில் குழாய் வளைக்கும் ஒருவர் போன் செய்தார். தொழிலில் எனக்குப் போட்டி, ஆனால் சந்தேகம் வந்தால் கேட்பார்.

"ஒரு மிட்டாய்க் கடைக்காரர் வந்திருக்கார் தீதி. நான் அளவு கேக்கறதுக்கு முன்னாலயே எல்லாத்தையும் அவரே சொல்லிட்டார். எதுல கிடக்கும், எவ்வளவு புளிப்பு, ராத்திரி உள்ளயே இருக்குமா, நாளைக்கு வேற எதுக்காவது மாத்துவாங்களா, எல்லாம். இதெல்லாம் கேக்காம வளைக்கிறவன்கிட்ட வேலை குடுக்க மாட்டேங்கறார். இப்படி ஒரு கஸ்டமர நான் பாத்ததே இல்ல. ஸ்டீல்தானே போடணும்?"

"ஸ்டீல்தான். கடை எங்க?"

"ஜாதவ்பூர்."

"நல்லா வளைச்சுக் குடுங்க," என்றேன். "கடைசிச் சுத்தைக் கொஞ்சம் உள்ள வாங்கிச் சுத்துங்க. அவங்க டிரம்முக்கு வாய் குறுகல்."